அம்சாவின் முடியும் மண்ணில்லாப் புல்லும்

செத்தது மூன்று மாடு. மொட்டை விழுந்தது ஒரு பொம்பளை தலையில். இரண்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "அவ முடி ராசி அப்பிடி" என்று ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் கத்தரிக்கோலை வீசியெறியலாமா என்றிருக்கும். வீசியதில்லை. தையல்காரனுக்கு அதுதான் சோறு.

திண்டிவனத்தில் விழுப்புரம் ரோட்டோரம் என் கடை. எதிரே அரங்கநாதனின் அரிசி மில். மிஷினில் உட்கார்ந்தபடி தலையை நிமிர்த்தினால் மில் கேட்டுதான் கண்ணில் படும். கேட்டுக்கு வெளியே நடந்ததெல்லாம் நான் பார்த்தது. உள்ளே நடந்ததைப் பிற்பாடு அம்சாவே என்னிடம் சொன்னாள்.

எண்பத்தாறில் மழை பொய்த்தது. மறு வருஷமும் ஏய்த்தது. நெல் வரத்து நின்று மில் பட்டினி கிடந்தது. அரங்கநாதன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. மில்லுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஜெர்சி கலப்பு மாடுகளாக ஒரு டஜன் வாங்கிக் கட்டினார். பாலுக்குக் கிராக்கி இருந்தது. மாட்டுக்குத்தான் தீனி இல்லை. ஏரிக்குள் ஒரு பச்சை கிடையாது. வைக்கோலைக்கூடத் தங்கம் மாதிரி எடை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தார் கோட்டக்குப்பம் முகம்மது கவுஸ். வளைகுடா நாட்டில் மெக்கானிக். வெறும் மணலாகக் கிடக்கிற இடத்தில், மண்ணே இல்லாமல் அறைக்குள் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பதைச் சுவரில் மாட்டிய கருவிகளே உணர்ந்து மோட்டாரை ஓட்டும், நிறுத்தும். கம்பெனி பழைய சாமான்களைக் கழித்துப் போட்டபோது, மாட்டுத் தீவனம் முளைக்க வைக்கும் ஒரு செட்டை அவர் வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார். அதை அரங்கநாதன் தலையில் கட்டினார் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சாமான் நல்ல சாமான்தான்.

நெல் குடோன் ஒன்றைக் காலி செய்து, ஜன்னலை அடைத்து, சுவர் முழுக்கத் தெர்மாகோல் ஒட்டினார்கள். இரும்பு அடுக்கு, அதில் தகரத் தட்டுகள், மேலே பொடிப்பொடியாய் ஓட்டை போட்ட குழாய், டியூப் லைட். ஊறவைத்த மக்காச்சோளத்தைத் தட்டில் பரப்பி வைத்தால், ஒரு வாரம் தாண்டியதும் முழ உயரத்துக்குப் புல். அடியில் வேரெல்லாம் பின்னிக்கொண்டு பாய் மாதிரி சுருட்டி எடுக்கலாம். வெளியே ஊரே கருகிக் கிடக்க, உள்ளே மட்டும் மார்கழிக் குளிர். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. "மண்ணு இல்லாம புல்லு வந்திடுச்சி, இனிமே மாவு இல்லாம இட்லி சுடுவாரு மொதலாளி" என்று டீக்கடையில் கேலி.

அந்த அறையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. மில்லில் மூட்டை தூக்கும் சின்னதுரையின் பெண்டாட்டி அம்சாவைக் கூப்பிட்டார்கள். அவள் கண்டாச்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். கல்யாணமாகி வெகு நாளாகியும் குழந்தை இல்லை. சின்னதுரை வாங்குகிற கூலி சாராயக்கடை வழியாகத்தான் வீட்டுக்கு வரும், வரும்போது பாதிதான் மிஞ்சும். அம்சாவுக்கென்று இருந்தது ஒரே ஒரு சொத்து, அவள் தலைமுடி. அவிழ்த்துவிட்டால் தொடையைத் தொடும். "உனக்கு ஜாக்கெட்டு முதுகுல கிழிஞ்ச துணி போட்டாலும் தெரியாது, முடி மறைச்சிடும்" என்று கேலி செய்வேன். "முன்னால மட்டும் ஒழுங்கா தைய்யிண்ணா" என்று சிரிப்பாள்.

கூலி விஷயம் மில் கேட்டு வாசலில்தான் பேசி முடிந்தது. அரங்கநாதன் என் கடைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "டெய்லரு, நீயே சாட்சி. உம்புருஷனுக்குக் கூலி குடுக்கறேன் அம்சா, உனுக்குத் தனியா கூலி கெடையாது. ஆனா ஒரு வருஷம் இந்த ரூம ஒழுங்கா பாத்துகினின்னா, செவல மாடு போடற கன்னு உனுக்கு. பொட்டக் கன்னா இருந்தா உன் அதிஷ்டம்."

அம்சாவுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. "ஒரு மாடு போதும்ணா. என் பாலு, என் சோறு. எவன் கையையும் பாத்துகினு நிக்க வேணாம்" என்று என்னிடம் வந்து சொன்னாள். சிவலை மாட்டுக்கு அப்போது சினைகூடப் பிடிக்கவில்லை. இவள் அதற்குள் கன்றுக்குக் கழுத்துமணி என்ன விலை என்று விசாரித்துவிட்டாள்.

இனி அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் வலக்கைப் பக்கச் சுவரில் கண்ணாடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று. உள்ளே நாலைந்து இழை முடியை இழுத்துக் கட்டியிருக்கும். நிஜமான மனித முடி. நான் நம்பவில்லை. கவுஸ் பாய்தான் விளக்கினார்.

"முடிதாங்க டெய்லரே. மழ காலத்துல பொம்பளைங்க முடி எப்பிடித் தளந்து தொங்குது, வெயில்ல எப்பிடி சுருங்குது? அதே சமாச்சாரம். ரூமுல ஈரம் கொறஞ்சா முடி சுருங்கி சுவிட்ச இழுக்கும், தண்ணி தெளிக்கும். ஈரம் வந்துட்டா முடி நீளும், சுவிட்ச விட்டுடும், தண்ணி நின்னுடும். இந்த ரூமுக்கு அதாங்க மூள."

அரங்கநாதனிடமும் தெளிவாகச் சொன்னார். "இது அறுந்துபோச்சின்னா பேஜாரு படாதீங்க மொதலாளி. பொம்பளைங்க நீள முடியா நாலு இழ போதும். சீயக்கா போட்டு நல்லா கழுவிக் காய வெச்சி மாட்டணும். ஒண்ணும் தடவக் கூடாது." அரங்கநாதன் தலையை ஆட்டினார். பூம்பூம் மாடும்தான் ஆட்டுகிறது. கவுஸ் பாய் லீவு முடிந்து வளைகுடாவுக்கே திரும்பிப் போய்விட்டார்.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அம்சா தட்டு கழுவினாள், சோளம் ஊறவைத்தாள், புல்லைச் சுருட்டி மாட்டுக்குப் போட்டாள். மாடுகள் மினுமினுவென்று நின்றன. சிவலைக்குச் சினை பிடித்தது. அன்று அம்சா கடைக்கு வந்து எனக்கு ஒரு வெல்லக் கட்டி கொடுத்தாள்.

ஆவணியில் ஒரு நாள் அவள் கதவைத் திறந்தபோது பெட்டிக்குள் ஒரு பல்லி. முடி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அரங்கநாதன் வந்து பார்த்தார். பெண்டாட்டி கிருஷ்ணவேணியைக் கூப்பிட்டு முடி கேட்டார். அந்தம்மாவுக்கு முடி எலிவால் கனம்தான், சவுரி வைத்துத்தான் பின்னல் போடுவாள். ஆனாலும் சிலிர்த்துக்கொண்டாள். "வூட்டு மகாலட்சுமி முடி மாட்டுத் தீனி ரூமுல தொங்கறதா? நல்லாக்கீது நியாயம். அதான் அம்சா கீறாளே."

அம்சாவைத் தலை கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். அவள் கிணற்றடியில் சீயக்காய் தேய்த்துக் குளித்து, முடியை உலர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கத்தரிக்கோல் என் கடையிலிருந்து போனது. அதுவரைக்கும் எல்லாம் கவுஸ் பாய் சொன்னபடிதான்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் தலை எண்ணெய் காணாமல் வறண்டு கிடந்தால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று பொருள். கருமாதி முடிகிறவரை எண்ணெய் வைக்கமாட்டார்கள். அப்படியொரு தலையில், அதுவும் தாலி கட்டியவள் தலையில், கத்தரிக்கோலை வைப்பதா? கிருஷ்ணவேணிக்குக் கை கூசியது.

"வறட்டுத் தலைல கத்திரி வெச்சா அவ புருஷனுக்கு ஆவாது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா பழி எம்மேலதான வரும்?" என்று சொல்லி, உள்ளே போய் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயோடு வந்தாள். உச்சியில் வைத்து, நுனிவரை உருவி, வகிடெடுத்து வாரி, நெற்றியில் குங்குமமும் வைத்த பிறகுதான் நாலு இழையைக் கத்தரித்தாள். அரங்கநாதன் பக்கத்தில்தான் நின்றார். எண்ணெயைப் பார்த்தார். அவருக்கும் அது தப்பாகப் படவில்லை. எண்ணெய் வைக்காத தலை இருந்தால்தான் எங்கள் ஊரில் யாருக்கும் உறுத்தும்.

அம்சா கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது முகமெல்லாம் பல். "மொதலாளியம்மா தன் கையால எண்ணெ வெச்சி உட்டாங்கண்ணா. எங்க ஆத்தா செத்தப்பறம் என் தலைல யாரு எண்ணெ வெச்சா?" என்றாள்.

எண்ணெய் ஊறிய முடிக்கு ஈரம் எங்கே தெரியும்? அறை முழுக்கத் தண்ணீர் சொட்டியது, முடி மட்டும் காய்ந்திருக்கிறேன் என்று சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மோட்டார் ஓயவில்லை. அம்சா போய்ச் சொன்னாள்.

"ஐயா, தண்ணி நிக்காம ஊத்திகினே கீதுங்க. வேரெல்லாம் கொழகொழன்னு ஆயிடுச்சி. புளிச்ச நாத்தம் அடிக்குதுங்க."

"புளிச்சா இன்னாமே? புளிச்ச கழுநீர மாடு குடிக்கல? வெளிநாட்டு மிஷினு தெரியாமலா ஊத்துது? நீ போடற வேலய பாரு."

போட்டாள். வேரில் கறுப்பு கறுப்பாய்ப் பூஞ்சை. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு மிச்சத்தைப் போட்டாள். சிவலைக்கு மட்டும் அந்தப் புல் பிடிக்கவில்லை, முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்சா அதற்கு ரோட்டோரத்து வேலிக்கொடியைப் பறித்து வந்து போட்டாள். மற்ற மாடுகள் தின்றன. முதலில் பால் வற்றியது. பிறகு வாயில் நுரை. அதிகம் கறக்கிற மாடாகப் பார்த்து முதலில் விழுந்தது, அப்புறம் இன்னும் இரண்டு. இரண்டு சினை மாடு மாதம் நிறையாமலே கன்று வீசியது. கால்நடை டாக்டர் வந்து பூஞ்சை என்று சொல்லிவிட்டு, ஊசி போட்டுவிட்டுப் போனார்.

பூஞ்சை சரி, இத்தனை நாள் வராத பூஞ்சை இப்போது ஏன் வந்தது? அவள் முடியை மாட்டிய பிறகுதானே வந்தது? கேள்வி சரியான கேள்விதான். பதிலைத் தேடி இவர்கள் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை, அம்சாவின் வயிற்றைப் பார்த்தார்கள்.

செத்த மாட்டை வண்டியில் ஏற்றுகிறபோது கேட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி கிருஷ்ணவேணி ஆரம்பித்தாள். "வவுறு தொறக்காதவ முடி. அது பட்ட எடம் எப்பிடி வெளங்கும்? சென மாடு ரெண்டும் கன்னு வீசுச்சே, அப்பவே எனுக்குத் தெரியும். அவ தலய தொட்ட கை இன்னும் எனுக்கு எரிஞ்சிகினே கீது."

கூடியிருந்தவர்களில் ஒருவனாவது வாயைத் திறக்க வேண்டுமே. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள், மாட்டுக்காக. அரங்கநாதன் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். பௌர்ணமியன்று திருவக்கரை வக்கிரகாளி கோயிலில் அவள் மொட்டை போட வேண்டும். வக்கிரத்தையெல்லாம் நேராக்குகிற அம்மன் இந்தத் தோஷத்தையும் எடுத்துவிடுவாள். முடியாதென்றால் புருஷனும் பெண்டாட்டியும் மூட்டையைக் கட்டலாம்.

சின்னதுரை பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "முடிதானமே, வளரும். வேல போனா வளருமா?"

அம்சா அவனைப் பார்க்கவில்லை. முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மொட்ட அடிச்சிட்டா செவல கன்னு எனுக்குத்தானுங்களே?"

"மொதல்ல அடி. அப்பறம் பாக்கலாம்."

அப்பறம் பாக்கலாம் என்பதற்கு எங்கள் ஊரில் இல்லை என்றுதான் பொருள். அவளுக்கும் தெரியும். ஆனால் முழுகுகிறவளுக்குத் துரும்பும் படகுதானே.

புரட்டாசிப் பௌர்ணமியில் போனார்கள். திருவக்கரையில் அன்று ஜனக்கூட்டம். நாவிதர் அவள் கழுத்துத் தாலியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாராம். "வேண்டுதலாம்மா?" என்று கேட்டதற்கு அம்சா பதில் சொல்லுமுன்னே கிருஷ்ணவேணி முந்திக்கொண்டாள். "ஆமா, அவளே வேண்டிகினா." முதல் கத்தி இழுப்பில் கனமாக ஒரு கொத்து மடியில் விழுந்தபோதுதான் தனக்கு அழுகை வந்தது என்று அம்சா சொன்னாள். அதுவரை கன்றுக்குட்டியை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம்.

விழுந்த முடியைக் கிருஷ்ணவேணி ஒரு துண்டை விரித்து ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டாள். எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஊருக்கு வந்து சீயக்காயும் பூந்திக்கொட்டையும் போட்டு அலசி அலசி, மொட்டை மாடியில் வெயிலில் உலர்த்தினாள். சவுரிக்கு. தோஷம் பிடித்த முடியாயிற்றே என்று அவள் வீட்டு வேலைக்காரி கேட்டதற்கு, "அம்மன் சந்நிதில எறக்கியாச்சில்ல? தோஷம் அங்கியே போச்சி. முடி இன்னா பாவம் பண்ணிச்சி?" என்றாளாம். முடி ஒரு பாவமும் பண்ணவில்லை. அதைச் சுமந்தவள்தான் பாவம் பண்ணியவள்.

மறுநாள் அம்சா வேலைக்கு வந்தாள். கேட்டைத் தாண்ட விடவில்லை. "மொட்டத் தலய பாத்தா மாடு மெரண்டு பால எக்கிக்கும், கறக்க உடாது" என்றார் அரங்கநாதன். சின்னதுரை உள்ளேயிருந்து அவள் துணி மூட்டையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். "விழுப்புரத்துல எங்க அக்கா வூட்டுல போயி இரு. முடி வளந்தப்பறம் வா."

அவள் ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்தாள். "தலய மூட ஒரு துண்டுத் துணி கெடைக்குமாண்ணா?" என்றாள். டீக்கடையில் ஒருத்தன், "கழுத்துல தாலி கீது, தலைல ஒண்ணும் காணோம். புருஷன் பாதி செத்துட்டானா?" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். என்னிடம் நிறைய திட்டு இருந்தது, அவ்வளவையும் அன்று செலவழித்தேன். அவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

நாத்தனார் வீட்டில் மொட்டைத் தலையோடு வந்தவளுக்கு என்ன மரியாதை கிடைக்கும்? நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் கண்ணில் படாதே என்று கொல்லைப்புறத்தில் இருக்கச் சொன்னார்கள். அவள் விழுப்புரம் ஜங்ஷனில் வேகவைத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விற்கப் போய்விட்டாள். ஐப்பசி கடைசியில் நூல் வாங்கப் போனபோது பிளாட்பாரத்தில் அவளைப் பார்த்துச் சேதி சொன்னேன். சிவலை மாடு கன்று போட்டுவிட்டது, பொட்டைக் கன்று.

கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "நெத்தில வெள்ள கீதாண்ணா?"

"கீது."

"செவலயோட அம்மாவுக்கும் இருந்திச்சாம்" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டி வந்தது, கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மார்கழியில் கவுஸ் பாய் தங்கச்சி நிக்காவுக்காக லீவில் வந்தார். மாடு செத்ததிலிருந்து சும்மா கிடந்த அறையைச் சரிபார்க்க அரங்கநாதன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பாய் பெட்டியைத் திறந்து, அந்த நாலு இழையை விரலில் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

"நல்லெண்ணெ! மொதலாளி, ஒண்ணும் தடவக் கூடாதுன்னு சொன்னேனே? எண்ணெ முடிக்கு ஈரம் தெரியாதுங்க. அதான் தண்ணி நிக்கல. அந்தப் பொம்பளைமேல ஒரு தப்பும் இல்ல."

"ஆனது ஆச்சி. வாய மூடிகினு ஜல்தியா ரிப்பேர பாரு பாய்" என்றாராம் அரங்கநாதன்.

எண்ணெய் படாத நீள முடி வேண்டுமென்று பாய் கேட்டார். கிருஷ்ணவேணி உள்ளே போய், சவுரி பின்னியது போக மிச்சம் வைத்திருந்ததிலிருந்து ஒரு கொத்தை எடுத்துக் கொடுத்தாள். அலசி அலசி உலர்த்திய முடி. அதைவிடச் சுத்தமான முடி அந்தக் கருவிக்குப் பிறந்த நாள் முதல் கிடைத்திருக்காது. அறை வேலை செய்தது. அளவாகத் தண்ணீர், பச்சைப் பசேலென்று புல், மாடுகள் மறுபடி மினுமினுத்தன. "பாத்தியா, பரிகாரம் பலிச்சிடுச்சி" என்றது ஊர்.

இதையெல்லாம் பாய் என் கடையில் உட்கார்ந்து சொன்னார். அது அம்சாவின் முடிதான் என்று நான் சொன்னதும், "யா அல்லா, யாரு முடின்னு கேட்டு மாட்டியிருக்கணும்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அம்சா எங்கே இருக்கிறாள் என்று கேட்டார், சொன்னேன். மறுநாளே விழுப்புரம் போய் அவளைத் தேடிப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனார். அந்த மனிதர் ஒருத்தருக்குத்தான் அவளிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

மாட்டுப் பொங்கலன்று அம்சா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். தலையில் முக்காடு இல்லை. முடி இரண்டு விரற்கடை அளவு முளைத்துக் குத்திட்டு நின்றது. நேராக என் கடைக்கு வந்தாள். "வாண்ணா. உன்னத்தான சாட்சின்னு சொன்னாரு." மிஷினை அப்படியே விட்டுவிட்டுக் கூடப் போனேன்.

மில் வாசலில் மாடுகளைக் குளிப்பாட்டிக் கட்டியிருந்தார்கள். கொம்புக்குச் சாயம் அடித்து, பளபளப்புக்காக எண்ணெயும் பூசிக்கொண்டிருந்தார்கள். சிவலைக்குப் பக்கத்தில், கழுத்தில் மணியும் மாலையுமாக அந்தக் கன்று துள்ளிக்கொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளை. கிருஷ்ணவேணி பட்டுப்புடவையும் இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னலுமாகப் பொங்கல் பானை முன்னால் நின்றிருந்தாள். அம்சா கன்றைப் பார்த்தாள், பிறகு பின்னலைப் பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே தெரிந்துகொண்டாள். தன் முடி தனக்குத் தெரியாதா?

"ஐயா, கவுஸ் பாய் சொல்லிட்டாரு. எண்ணெ வெச்சதாலதான் கெட்டுப்போச்சாம், எம்மேல தப்பு இல்லியாம். என் கன்னுக்குட்டிய குடுத்துடுங்க, நான் போயிடறேன்."

"எந்தக் கன்னு?" என்றார் அரங்கநாதன்.

"என்னை சாட்சி வெச்சிதானுங்க சொன்னீங்க" என்றேன் நான்.

"டெய்லரு, உனுக்குப் பட்டனே ஒழுங்கா வெக்கத் தெரியாது, நீ சாட்சி சொல்ல வந்துட்டியா?" என்று சிரித்துவிட்டு அவளிடம் திரும்பினார். "ஒரு வருஷம் பாத்துகினா கன்னுன்னு சொன்னேன். நீ ஒரு வருஷம் இருந்தியா? நடுவுல போனவதான?"

போகச் சொன்னவரே அவர். அதை ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னார். சுற்றி நின்றவர்கள் நியாயம்தானே என்பதுபோலத் தலையாட்டினார்கள். கிருஷ்ணவேணி பானையை விட்டுவிட்டு வந்தாள். "எண்ணெ வெச்சதாலன்னா? அப்போ நானா மாட்ட கொன்னேன்? நல்ல நாளும் அதுவுமா மொட்டத் தலையோட வந்து நின்னுகினு சாபம் உடறியா?" சின்னதுரை ஓடிவந்து அம்சாவின் கையைப் பிடித்து இழுத்தான். "போமே, மானத்த வாங்காத. என் வேலைக்கு உலை வெக்காத."

அப்போது பானை பொங்கியது. "பொங்கலோ பொங்கல்!" என்று கூச்சல். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள், சின்னதுரையும் கையை விட்டுவிட்டுக் கூவப் போனான். நான் திரும்பிப் பார்த்தபோது அம்சாவைக் காணவில்லை. அழுதுகொண்டு வெளியே போயிருப்பாள் என்று நினைத்தேன்.

அவள் போனது கொட்டகைப் பக்கம். கொம்புக்குப் பூசிய எண்ணெய்க் கிண்ணம் அங்கே இருந்தது. விரலை முக்கி எடுத்துக்கொண்டு நேரே அறைக்குள் நுழைந்தாள். அதே குளிர், அதே பச்சை வாசனை. வலக்கைப் பக்கச் சுவரில் பெட்டி. கண்ணாடியைத் திறந்தாள். உள்ளே அவளுடைய முடி, இழுத்துக் கட்டியபடி. ஒரு தடவல் போதும். மறுபடி தண்ணீர் ஓயாது, மறுபடி பூஞ்சை, மறுபடி மாடு விழும். இந்தத் தடவை யார் முடி ராசி என்று சொல்வார்கள்? மகாலட்சுமி கையால் வந்த முடி, அவள் தலையில் ஆடுகிற அதே முடிதானே? விரலைக் கிட்டே கொண்டுபோனாள்.

பின்னால் மணிச்சத்தம் கேட்டது. கட்டு அவிழ்ந்த கன்று அறை வாசலில் நின்று அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு உள்ளே வந்து, கீழ்த் தட்டில் மூக்கை நுழைத்து, வேரோடு ஒரு வாய் பிடுங்கி மென்றது.

அம்சா கண்ணாடியைச் சாத்தினாள். விரலில் இருந்த எண்ணெயைத் தன் தலையில் துடைத்துக்கொண்டாள்.

அவள் வெளியே வந்தபோது வெயிலில் தலை மினுங்கியதைக் கிருஷ்ணவேணிதான் முதலில் பார்த்தாள். "பாருங்கடி இவள! மாட்டுக்கு வெச்ச எண்ணெய திருடி மொட்டத் தலைல பூசிகினு போறா!" அன்று அந்த வாசலில் எழுந்த சிரிப்பு மாதிரி நான் பொங்கல் நாளில் கேட்டதில்லை. சின்னதுரையும் சிரித்தான்.

அடுத்த மாதம் நான் விழுப்புரம் போனேன். பிளாட்பாரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே நடந்ததைக் கேட்டேன். ஒன்றுவிடாமல் சொன்னாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"கைல எண்ணெயோட போயிட்டு, ஏம்மா தடவாம வந்த? அவங்க உனுக்கு இன்னா மிச்சம் வெச்சாங்க?"

அவள் ஒரு மல்லாட்டையை உரித்து என் கையில் வைத்தாள்.

"என் கன்னு தின்னுகினு இருந்திச்சிண்ணா."

பாண்டிச்சேரி பாசஞ்சர் உள்ளே வந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மல்லாட்டை மல்லாட்டை என்று கூவியபடி பெட்டியில் ஏறினாள்.